மிதக்கக் கற்றுக்கொள்ள எங்கே இறங்குவது: கிணறா, பம்புசெட் தொட்டியா, நீச்சல் குளமா?

சித்திரை பிறந்து வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டியதும் இந்தக் கேள்வி வந்துவிடும். நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும், ஊரில் மாமா கிணறு இருக்கிறது, காட்பாடி பக்கம் ஒரு நீச்சல் குளமும் இருக்கிறது, எதற்குப் போகலாம்? சிலர் பிள்ளைகளுக்காகக் கேட்பார்கள், சிலர் தனக்காகக் கேட்க வெட்கப்பட்டுப் பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்பார்கள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றில்லை, அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

நீச்சல் என்று சொன்னாலும் முதலில் வேண்டியது மிதக்கத் தெரிவதுதான். கை கால் அடித்துப் பத்தடி போகத் தெரிந்த பையன்கள் நம் ஊர்க் கிணறுகளில் நிறைய பேர் உண்டு. ஆனால் அவர்களை நடுவில் நிறுத்தி, "அடிக்காம ரெண்டு நிமிஷம் சும்மா கெட" என்று சொன்னால் பாதிப் பேருக்கு முடியாது. களைத்துப்போகும்போது, பிடிப்பு வரும்போது, தவறி விழும்போது காப்பாற்றுவது அந்தச் சும்மா கிடக்கும் வித்தைதான். ஆகவே இந்த ஒப்பீடு முழுக்க மிதப்பைப் பற்றியது. அடுத்த கட்டத்துக்குப் போகும்போது கணக்கு வேறு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, கால் எட்டுமா? மற்றதெல்லாம் இதற்கு அப்புறம்தான். நெஞ்சளவுத் தண்ணீரில், நினைத்த நொடியில் எழுந்து நிற்க முடியும் என்று உடம்புக்குத் தெரிந்தால்தான் கழுத்து தளரும். கழுத்து இறுகியிருக்கும் வரை யாருக்கும் மிதப்பு வராது. இதற்கு ஒரு நேரான காரணம் உண்டு. நம் தலை சுமார் 4.5 முதல் 5 கிலோ. பயத்தில் அதைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அந்த எடை முழுவதும் மீதி உடம்பின் மேல் இறங்கும், இடுப்பு தாழும், கால் கீழே போகும், உடனே "நான் முழுகறேன்" என்று கத்துவோம். காது நனையும் அளவுக்குத் தலையைத் தண்ணீரிலேயே சாய்த்துவிட்டால் அந்த எடையில் பெரும்பங்கைத் தண்ணீரே தாங்கிக்கொள்ளும்.

இரண்டாவது, பொறுமையாகப் பிடிக்க ஒரு ஆள். நீந்தத் தெரிந்தவர் எல்லாரும் பிடிக்கத் தெரிந்தவர் இல்லை. பிடரிக்கு அடியில் ஒரு கை, இடுப்புக்கு அடியில் ஒரு கை, சொல்லாமல் கையை எடுக்காத நாணயம், இவ்வளவுதான் தகுதி.

மூன்றாவது, தொடர்ச்சி. வாரத்துக்கு ஒரு நாள் இரண்டு மணி நேரம் ஊறுவதைவிட, அடுத்தடுத்த நாட்களில் அரை அரை மணி நேரம் இறங்குவது நல்லது. ஒரு வாரம் இடைவெளி விட்டால் பயம் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அப்புறம் தண்ணீரின் சுத்தம், கரையேறும் வழி, செலவு. பெண்களுக்கு இன்னொன்றும் உண்டு, யார் யார் கரையில் நின்று பார்க்கிறார்கள் என்பது. இதைச் சின்ன விஷயம் என்று ஆண்கள் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். உடம்பை இறுக்கிக்கொண்டு நிற்கிறவருக்கு மிதப்பு எங்கிருந்து வரும்?

## கிணறு

நம் பக்கத்தில் இதுதான் பழைய பள்ளிக்கூடம். இடுப்பில் கயிறு, முதுகில் சுரைக்குடுக்கை (இப்போது ஐந்து லிட்டர் காலி கேன்), மேலே தாய்மாமன். "இன்னாடா பயம், நான் கீறேன்ல, குதி" என்பார். குதித்தவன் நாலு நாளில் அடித்துக் கரையேறுவான். பயம் விட்டுப் போகும், காசு செலவில்லை, வீட்டுப் பக்கத்திலேயே இருக்கிறது. தைரியம் வர இதைவிட வேகமான வழி இல்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் மிதப்புக்கு? கால் எட்டாது. ஓய்வெடுக்க வேண்டுமானால் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கல்லைப் பிடித்துத் தொங்க வேண்டும். அதனால் உடம்பு கற்றுக்கொள்வது ஒன்றே ஒன்று: அடி, இல்லையென்றால் போய்விடுவாய். படபடவென்று அடித்தே பழகியவனுக்குப் பிறகு அடிப்பதை நிறுத்தச் சொல்லித் தருவது புதிதாக ஆரம்பிக்கிறவனுக்குச் சொல்லித் தருவதைவிடக் கஷ்டம்.

முதுகில் கட்டும் கேனைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். காற்றடைத்த ஐந்து லிட்டர் கேன் ஏறக்குறைய ஐந்து கிலோவைத் தூக்கும், பையனைத் தாங்க அது தாராளம். ஆனால் அது தூக்குவது முதுகை. முதுகு மேலே வந்தால் முகம் கீழே போகும். குப்புற நீந்தப் பழக அது சரி, மல்லாக்கப் படுக்க விடவே விடாது. களைத்துப்போய்க் கை ஓய்ந்த பையனை அதே கேன் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தே மிதக்க வைக்கும் என்பதை நினைத்துப் பாருங்கள்.

கணக்கில் வராத செலவுகளும் உண்டு. பள்ளிக்கூட விடுமுறை சித்திரை, வைகாசியில். அப்போது நம் பக்கத்துக் கிணறுகள் பலவற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போயிருக்கும், இறங்கி ஏறுவதே ஒரு வேலை, மேலிருந்து குதிக்கும் உயரமும் கூடிவிடும். தண்ணீர் ததும்பி நிற்பது ஐப்பசி, கார்த்திகையில், அப்போது பரீட்சை வந்துவிடும். உள்ளே மோட்டார் இருக்கும் கிணறு என்றால் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்திவிட்டுத்தான் இறங்க வேண்டும், ஏனென்றால் ஒயரில் கசிவு இருந்தால் தண்ணீரைப் பார்த்துத் தெரியாது. வருஷக்கணக்கில் யாரும் இறங்காத பாழுங்கிணறு வேண்டவே வேண்டாம். அடியில் காற்று கெட்டிருக்கலாம், முள்ளும் கண்ணாடியும் கிடக்கும்.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் தொழிற்சாலைகள் உள்ள பகுதியில் கிணறு இருந்தால் தண்ணீரைப் பற்றி உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு கலந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பே வந்தது. "உப்புத் தண்ணீதானே, கடல் மாதிரி தானா மிதக்கும்" என்று சிலர் சொல்வார்கள். கடலில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருந்துமே, தண்ணீரின் கனம் கூடுவது இரண்டரை சதவீதம்தான். கிணற்றின் உப்புக்கரிப்பு உங்களைத் தூக்காது, தோலில் அரிப்பு வேண்டுமானால் வரும்.

கிணறு யாருக்கு? ஏற்கெனவே மல்லாக்க மிதக்கத் தெரிந்து, ஆழத்துப் பயத்தைப் போக்க விரும்புகிறவருக்கு. இரண்டாம் வகுப்பாக மிக நல்லது.

## பம்புசெட் தொட்டி

இதை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கோ கிராமத்துப் பிள்ளைகளுக்கு முதல் இடம் இதுதான் என்று தோன்றுகிறது. பெரும்பாலான தொட்டிகள் மூன்று, நாலு அடி ஆழம். பெரியவர் உள்ளே நின்றுகொண்டு பிடிக்கலாம், பிள்ளையின் நெஞ்சளவுக்கு மட்டும் தண்ணீர் நிரப்பினால் பிள்ளைக்கும் கால் எட்டும், நாலு பக்கமும் சுவர் கைக்கெட்டும் தூரத்தில். நீந்திப் போக இடமில்லை என்பது குறைதான், ஆனால் மிதக்க ஆறடி நீளம் போதுமே.

வசதி என்னவென்றால் சும்மா இருக்கலாம். மணிக் கணக்கு இல்லை, விசில் இல்லை, அடுத்த பேட்ச் வந்து நிற்காது. பெண் பிள்ளைகளை அம்மாவோ அத்தையோ கூட்டிப்போய்த் தங்கள் தோட்டத்திலேயே பழக்கலாம். நைட்டியோ சுடிதாரோ போட்டுக்கொண்டு இறங்கினாலும் கேட்பார் இல்லை. துப்பட்டாவை மட்டும் கழற்றி வைத்துவிடுங்கள், அது கழுத்தில் சுற்றும்.

குறைகள்: பாசி. தொட்டிச் சுவரும் தரையும் வழுக்கும், சிமெண்ட் ஓரத்தில் தாடையோ பின்மண்டையோ இடித்தால் தையல்தான், அதனால் தலைப்பக்கம் எப்போதும் ஒரு ஆள். குழாயிலிருந்து தண்ணீர் விழும் வேகத்தில் பிள்ளையை நிறுத்துவது ஜாலிதான், மிதப்புப் பழகும்போது வேண்டாம். மோட்டார் ஓடி, தொட்டி நிறைந்து, நிறுத்திய பிறகு இறங்குவது எல்லா விதத்திலும் நல்லது. மருந்தடிக்கும் டேங்கை அதே தொட்டியில் கழுவுகிற பழக்கம் பல இடங்களில் உண்டு, முந்தின நாள் மருந்தடித்தார்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாள் கணக்கில் தேங்கி, வெயிலில் சூடாகி நிற்கும் தொட்டித் தண்ணீரில் மட்டும் தலையை முக்காதீர்கள். 2024-ல் கேரளத்தில் அமீபா மூளைக்காய்ச்சலில் பிள்ளைகள் இறந்தது நினைவிருக்கும். அந்தக் கிருமி வெதுவெதுப்பான தேங்கிய நல்ல தண்ணீரில் வளர்வது, மூக்கு வழியாகத்தான் ஏறும். மிக அரிது, ஆனால் வந்தால் பிழைப்பதும் அரிது. அன்றைக்கு இறைத்த தண்ணீரில் இறங்கினால் ஆபத்து குறையும், மூக்கைப் பிடித்துக்கொண்டால், அல்லது ஒரு மூக்குக் கிளிப் மாட்டினால் இன்னும் நிம்மதி.

## நீச்சல் குளம்

டவுனில் இருப்பவருக்கு, அதுவும் முப்பது வயதுக்கு மேல் தொடங்குகிறவருக்கு, வேறு எதையும் யோசிக்காமல் இதையே சொல்வேன். நாலடி ஓரம் இருக்கிறது, பிடித்துக்கொள்ளக் கம்பி இருக்கிறது, அடி தெரிகிற தண்ணீர் இருக்கிறது. அடி தெரிவது பயத்தைப் பாதியாக்கும். கிணற்றின் கருப்புத் தண்ணீரைப் பார்த்தே நடுங்குகிற ஆள் இங்கே ஒரே வாரத்தில் முகத்தை முக்குவார்.

ஆனால் சேருவதற்கு முன் பார்க்க வேண்டியது கோச் எத்தனை பேரைப் பார்த்துக்கொள்கிறார் என்பதை. கோடைப் பேட்ச்களில் இருபது, முப்பது பிள்ளைகளுக்கு ஒரு ஆள் நின்று விசில் ஊதினால் அங்கே உங்கள் பிடரியைப் பிடிக்க யாருக்கும் கை இருக்காது. முதல் நாளே பலகையைக் கொடுத்துக் கால் அடிக்கச் சொல்வார்கள், ஏனென்றால் கூட்டத்தைச் சமாளிக்க அதுதான் சுலபம். "முதல் வாரம் மிதக்க மட்டும் சொல்லித் தருவீர்களா?" என்று கேளுங்கள். முகத்தைச் சுளித்தால் வேறு நேரம் பாருங்கள். ஆடி, ஆவணியில் கூட்டம் குறைந்த பிறகு சேர்ந்தால் அதே கோச் தனியாகச் சொல்லித் தருவார், வெயிலும் இருக்கத்தான் செய்யும், நம்மூரில் எப்போது இல்லை?

மறைவான செலவுகள் இங்கேதான் அதிகம். நைலான் உடை, தொப்பி, கண்ணாடி எல்லாம் கட்டாயம் என்பார்கள், பருத்தி உடையோடு விட மாட்டார்கள். பெட்ரோல். விட்டுப்போன நாளுக்குப் பணம் திரும்பாது. முடி வறண்டுபோகும், இறங்கும் முன்னும் ஏறிய பின்னும் நல்ல தண்ணீரில் குளித்தால் அது குறையும். பெண்களுக்குத் தனி நேரம் என்று பலகையில் இருக்கும், அந்த நேரத்தில் பெண் கோச் இருக்கிறாரா, பார்வையாளர் வரிசையில் யாரை உட்கார விடுகிறார்கள் என்பதை ஒரு நாள் நேரில் போய்ப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

குளோரின் வாசனை மூக்கைத் துளைத்தால் தண்ணீர் சுத்தம் என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த நெடி வருவது குளோரின் வியர்வையோடும் மூத்திரத்தோடும் சேரும்போது. நன்றாகப் பராமரிக்கிற குளத்தில் நெடி லேசாகத்தான் இருக்கும், ஆழமான பக்கத்திலும் அடியிலுள்ள கோடு தெளிவாகத் தெரியும். தெரியவில்லையென்றால் அன்றைக்கு இறங்காதீர்கள். முழுகின ஆளும் மேலே நிற்பவருக்குத் தெரிய மாட்டார்.

ஏலகிரியில் ரூம் போட்டு, ரிசார்ட் குளத்தில் இரண்டு நாளில் கற்றுக்கொள்கிறேன் என்பவர்களுக்கு: போங்கள், ஜாலியாக இருங்கள். கற்றுக்கொள்வதை ஊருக்கு வந்து பார்க்கலாம்.

## ஏரி, பாலாறு, அணை

வேண்டாம். பாலாற்றில் வருஷத்தில் பெரும்பாலும் மணல்தான், தண்ணீர் வரும்போது மணல் அள்ளிய பள்ளங்கள் எங்கே என்று தெரியாது, முழங்கால் தண்ணீரில் நடக்கிறவர் அடுத்த அடியில் தலை முழுகும் குழியில் இருப்பார். 2021 நவம்பரில் வந்த மாதிரி வெள்ளம் வந்தால் வேடிக்கை பார்க்கக்கூடக் கரையோரம் போகக் கூடாது. காவேரிப்பாக்கம் ஏரியோ குடியாத்தம் பக்கத்து மோர்தானாவோ, அடியில் சேறு, எதிர்பாராத சரிவு, கூப்பிட்டால் வர ஆள் இல்லை. தொடங்குகிறவருக்கு இவை பட்டியலிலேயே இல்லை.

## எதைப் பிடித்துக்கொண்டு பழகுவது

| துணை | நல்லது | இடைஞ்சல் |
|---|---|---|
| பிடரிக்கு அடியில் ஒருவர் கை | பிடியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கலாம் | நம்பகமான ஆள் வேண்டும் |
| லாரி டியூப் | மலிவு, கிணற்றில் ஓய்வெடுக்க உதவும் | வால்வு உடம்பைக் கிழிக்கும், சின்னப் பிள்ளை நடு ஓட்டையில் வழுக்கிவிடும் |
| முதுகில் கேன், சுரைக்குடுக்கை | குப்புற நீந்த | முகத்தைக் கீழே தள்ளும், மூடி கழன்றால் தண்ணீர் ஏறும் |
| கையில் மாட்டும் காற்றுப் பை | பிள்ளைக்குத் தைரியம் | உடம்பை நிமிர்த்தி நிறுத்தும், படுக்க விடாது, காற்று இறங்கும் |
| நுரைக் குழல், நெஞ்சோடு அணைத்த பலகை | மல்லாக்கப் பழக | அதை விட மனசு வராது |

என் ஓட்டு முதல் வரிக்கு. காற்றுப் பையோ டியூபோ உயிர் காக்கும் சாதனம் இல்லை, அதைப் போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்து போன் பார்க்கும் அப்பாக்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். தண்ணீரில் மூழ்குகிறவர் பெரும்பாலும் கத்த மாட்டார், மூச்சு விடவே வாய் போதாது. சத்தம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

## மல்லாக்கவா, குப்புறவா

குப்புற மிதப்பது உடம்புக்குச் சுலபம், மனசுக்கும் சுலபம், அடி தெரிகிறது, ஆனால் மூச்சு பிடிக்கும் வரைதான். மல்லாக்கப் படுப்பது முதலில் பயம் தரும், காதில் தண்ணீர் போனதும் உலகமே அமுங்கிவிட்டது போல இருக்கும், ஆனால் மூச்சு விட்டுக்கொண்டே எவ்வளவு நேரமும் கிடக்கலாம். ஆக ஆரம்பிப்பது குப்புற, வந்து சேர வேண்டியது மல்லாக்க.

இரண்டுக்கும் முன்னால் ஒன்றைப் பழக வேண்டும், எழுந்து நிற்பதை. மல்லாக்கக் கிடக்கும்போது முகவாயை நெஞ்சுக்குக் கொண்டுவந்து, முழங்காலை வயிற்றுப் பக்கம் மடக்கி, கையால் தண்ணீரைப் பின்னாலிருந்து முன்னால் வாரினால் உடம்பு தானாக நிமிரும், பிறகு காலை ஊன்றுங்கள். இது கைவந்த பிறகுதான் படுக்கத் தைரியம் வருகிறது. பலரும் இதைச் சொல்லித் தராமல் "படு, படு" என்கிறார்கள். எழுந்திருக்கத் தெரியாதவன் எப்படிப் படுப்பான்?

மூச்சு விஷயம் எளிது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானவர் உடம்பு நல்ல தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு, முழுக்க விட்டுவிட்டால் பலருக்கும் கொஞ்சம் கனம். அதனால் நிறைய இழுத்து, சில நொடி வைத்திருந்து, சட்டென்று விட்டு உடனே இழுக்க வேண்டும். விடும்போது அரை அங்குலம் தாழ்வீர்கள், இழுத்ததும் மேலே வருவீர்கள். அந்தத் தாழ்வில் பதறித் தலையைத் தூக்குவதுதான் எல்லாரும் சறுக்கும் இடம். முகவாய் வானத்தைப் பார்க்க, வயிறு மேலே, கைகள் தலைக்கு மேல் நீட்டினால் கால் கொஞ்சம் எழும். ஒல்லியான, தசை இறுகிய ஆண்களுக்குக் கால் என்ன செய்தாலும் தொங்கும், அது தோல்வி இல்லை. முகம் வெளியே இருந்தால் போதும், சாய்வாகக் கிடங்கள், உள்ளங்கையால் மெல்லத் தண்ணீரைத் தடவிக்கொண்டிருங்கள்.

## யாருக்கு எது

கிராமத்தில் வீடு, சொந்தமோ பக்கத்துத் தோட்டமோ தொட்டி இருக்கிறது, பிள்ளைக்கு ஏழெட்டு வயது: தொட்டியில் தொடங்கி, மல்லாக்க மிதந்து தானே எழுந்து நிற்கிற வரை அங்கேயே. அதற்கப்புறம் கயிறு கட்டிக் கிணறு.

சத்துவாச்சாரியிலோ காட்பாடியிலோ இருந்துகொண்டு வேலைக்குப் போகிற பெண்: காலை நேரப் பெண்கள் பேட்ச் உள்ள குளம், கூட்டம் குறைந்த மாதம், முடிந்தால் ஒரு தோழியோடு. ஒருவர் பிடிக்க ஒருவர் படுக்க, அதைவிட நல்ல ஏற்பாடு கிடைக்காது. காசு கூடத்தான் ஆகும், ஆனால் ஒரு மாதம் ஒழுங்காகப் போனால் போதும்.

ஊர்க் கிணற்றில் சின்ன வயதிலேயே நீந்தப் பழகி, மிதக்க மட்டும் வராதவர்: கௌரவம் பார்க்காமல் குளத்தின் நாலடி ஓரத்துக்குப் போய், ஆறு வயதுப் பிள்ளைகள் நடுவில் மல்லாக்கப் படுங்கள். சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

வலிப்பு, இதய நோய், காது சவ்வில் ஓட்டை இருப்பவர்கள் டாக்டரிடம் கேட்ட பிறகுதான் எந்தத் தண்ணீரிலும் இறங்க வேண்டும். வலிப்பு வருகிறவர் எவ்வளவு நன்றாக மிதந்தாலும் தனியாக இறங்கக் கூடாது.

எங்கே போனாலும், ஒரு நீளக் கயிறும் கட்டையும் கரையில் கிடக்கட்டும். யாராவது தத்தளித்தால் நீச்சல் அரைகுறையாகத் தெரிந்தவர் உள்ளே குதிக்காமல் அதை எறியுங்கள், வேட்டியோ புடவையோகூடப் போதும். ஒருவர் 101-க்கோ 108-க்கோ அடிக்கட்டும்.